அரைச்சுரம் கீழே

யூன் ஹேரன் என்ற பெயரை யாராவது சொல்லிவிட்டால் போதும், கேத்ரினுக்கு முதுகு தானாக நிமிர்ந்துவிடும். தன் வயிற்றில் பிறந்த பிள்ளை மாநிலத்திலேயே முதலாவதாக வந்துவிட்டதைப் போல ஒரு மிதப்பு முகத்தில் ஏறும். உண்மையில் ஹேரன் அவளைவிட நான்கு வயது மூத்தவள், கொரியாக்காரி, சொப்ரானோ பாடகி. பெண்குரலில் மிக உயரமான இடத்தில் குடியிருப்பவர்களை மேற்கத்திய சங்கீதத்தில் அப்படிச் சொல்வார்கள். கேத்ரின் அவளுக்குப் பியானோ வாசிப்பவள். இருபது வருடமாக வாசிக்கிறாள். கச்சேரிச் சுவரொட்டியில் பாடுகிறவர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும், வாசிக்கிறவர் பெயரைக் கண்ணாடி போட்டுத் தேட வேண்டும். அதில் கேத்ரினுக்கு ஒரு மனக்குறையும் கிடையாது. அந்தக் கொட்டை எழுத்துப் பெயரையும் அவள் தன்னுடையதாகவே நினைத்துக்கொண்டிருந்தாள்.

இருவரும் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில்தான். ஆனால் கேத்ரின் வீட்டுக்குப் போய்க் கணவர் சிவலிங்கத்திடம் நடந்ததையெல்லாம் ஒப்பிக்கும்போது அது தமிழாகிவிடும். இங்கே வருவதும் அவள் ஒப்பித்த தமிழ்தான். கொரியாவில் மூத்தவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மரியாதைக் குறைவு. முதல் வாரம் கேத்ரின் "ஹேரன்" என்று கூப்பிட்டபோது அவள் முகம் சுருங்கியது. "எங்க ஆளுங்ககிட்டயும் அதே கதைதான்" என்று சொல்லி கேத்ரின் அன்றோடு அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள். ஹேரனுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அது. அதற்கு மேல் கற்றுக்கொள்ள அவள் ஆசைப்படவும் இல்லை.

அவர்கள் சந்தித்தது மெல்பனில், கிளேட்டனில் இருக்கும் ஒரு சர்ச்சில். அங்கே காலையில் கொரியர்கள் ஆராதனை, மூன்று மணிக்குத் தமிழர்கள் ஆராதனை. இரண்டு சபைக்கும் ஒரே பியானோ, ஒரே சமையலறை. காலையில் கிம்ச்சி ஊறுகாய் வாசம், மாலையில் பிரியாணி வாசம். எந்த ஜனத்துக்கு எந்த நேரத்தில் பசிக்கும் என்று அந்தச் சுவர்களுக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

கேத்ரின் மலேசியாவில் கிள்ளானில் பிறந்தவள். அப்பா போன தமிழ்ச் சபையில் பதினைந்து வயதிலிருந்து பியானோ வாசித்தவள். அங்கே அவள் கற்றுக்கொண்ட பெரிய பாடம் ஒன்றே ஒன்றுதான்: கூட்டத்துக்குத் தொண்டை ஏறவில்லை என்றால் வாசிக்கிறவர் இறங்கி வரவேண்டும். மழைக்காலத்தில் பாதிப் பேருக்குச் சளி. முதல் சரணத்திலேயே ஜனங்கள் திணறுவது காதில் விழும். இரண்டாவது சரணத்தில் கேத்ரின் சத்தம் போடாமல் பாட்டு முழுவதையும் ஒரு கட்டை கீழே இறக்கிவிடுவாள். யாருக்கும் தெரியாது. எல்லாரும் சுகமாகப் பாடி முடித்து, இன்றைக்கு ஆவியானவர் நன்றாக அசைவாடினார் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

கிளேட்டனிலும் அவள் அதையேதான் செய்தாள். இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, கொரியர்களின் மதியச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்த ஒருத்தி ரப்பர் கையுறையோடு ஓடிவந்து பியானோ பக்கத்தில் நின்றாள். கையிலிருந்து சோப்பு நுரை சொட்டியது.

"இப்ப நடுவுல சுருதியை இறக்கினியா? சுரம் எழுதின பேப்பர் இல்லாம?"

"ஆமா. ஜனங்களால ஏற முடியல."

"நாளைக்குக் காலையில என் ஸ்டூடியோவுக்கு வா" என்றாள் ஹேரன். அது கேள்வியே அல்ல, உத்தரவு.

ஹேரன் வந்த பாதை லேசானது அல்ல. தேகு நகரத்தில் சலவைக்கடைக்காரரின் மகள். தலைநகர் சியோலில் இசைக்கல்லூரி. இருபத்தைந்து வயதில் ஓர் இத்தாலியப் பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிட்னிக்கு வந்தாள். மகளைக் கப்பலேற்றிவிட்டுக் கரையில் நிற்கும் ஒரு தாய் பாடும் பாட்டு அது. கடைசிப் பக்கத்தில் குரல் படிப்படியாக ஏறி, ஹை சி என்று பாடகர்கள் பயபக்தியோடு சொல்லும் இடத்தில் போய் நிற்கும். அந்த ஒரு சுரத்தைக் கேட்டுத்தான் சிட்னியில் ஓர் ஆப்பரா கம்பெனி, பாட்டாலேயே நாடகம் நடத்துகிறவர்கள், அவளை எடுத்துக்கொண்டது. எடுத்துப் பின்வரிசையில் நிறுத்திவைத்தது. பின்வரிசையில் அவள் கிராமத்துப் பெண்ணாக நின்றாள், கன்னியாஸ்திரியாக நின்றாள், கூட்டத்தில் ஒருத்தியாக நின்றாள்.

பிறகு முன்வரிசைக்கு வந்தாள், ஜப்பானியப் பெண்ணாக. ஆப்பராவில் ஜப்பானியப் பெண் வேடம் ஒன்று உண்டு, ஆசிய முகம் கிடைத்தால் கிமோனோவை எடுத்து மாட்டிவிடுவார்கள். ஜப்பான்காரர்கள் கொரியாவை ஆண்ட காலத்தில் ஹேரனின் பெரியப்பாவைச் சுரங்க வேலைக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். இவள் என்னடாவென்றால் சிட்னி, மெல்பன், பெர்த் என்று ஊர் ஊராக ஜப்பான்காரியாக நின்று அழ வேண்டியிருந்தது. நன்றாகவே அழுதாள், கைதட்டு வாங்கினாள். ஒருநாள் ஒத்திகையில் புது இயக்குநர் ஒருவர், "உங்கள் ஜனங்கள் மாதிரிச் சின்னச் சின்ன அடியாக வைத்து நட" என்றார். "என் ஜனங்கள் இப்படித்தான் நடப்பார்கள்" என்று ஹேரன் சொல்லி, நீள நீளமாக அடி எடுத்து வைத்து மேடையைக் கடந்து, கதவைத் திறந்து, தெருவுக்கே போய்விட்டாள். ஒரு வருடம் வேலை இல்லை. அதற்குப் பிறகு அதே கம்பெனிதான் ஃபோன் போட்டு அவளுக்கு ராணி வேடம் கொடுத்தது. இந்தக் கதையைச் சொல்லும்போது கேத்ரின் எழுந்து அந்த அடிகளை நடந்தே காட்டுவாள். சிவலிங்கம் பலமுறை பார்த்திருக்கிறார்.

கணவரின் வேலை மாறியதால் மெல்பனுக்கு வந்த ஹேரன், வீட்டுக் காரேஜை ஸ்டூடியோவாக மாற்றிப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினாள். அந்தக் காரேஜிலிருந்து போனவர்கள் இன்று எங்கெங்கோ பாடுகிறார்கள். கிளேட்டன் பல்கலைக்கழகத்தில் எஞ்சினியரிங் படிக்க வந்த மலேசியத் தமிழ்ப் பையன் யுவனேஷ், பொழுதுபோக்காகப் பாடக் கற்றுக்கொள்ள வந்தவன், இன்று ஜெர்மனியில் ஆப்பரா டெனர், ஆண்குரலில் உயர்ந்த இடத்தில் பாடுகிறவன். ஜிவொன் என்ற கொரியப் பெண், ஹேரன் எந்தச் சிட்னிக் கம்பெனியில் பின்வரிசையில் நின்றாளோ அதே கம்பெனியில் இன்று முதல் வரிசையில் நிற்கிறாள். அவர்கள் எல்லாருக்கும் பாடம் நடந்தபோது பியானோவில் இருந்தவள் கேத்ரின். அதனால் அந்தப் பெருமையில் பாதியை அவள் தயங்காமல் எடுத்துக்கொண்டாள்.

கொரியர்களுக்கும் நம்மைப் போல அறுபது வயது பெரிய விசேஷம். ஹேரனுக்கு அறுபது வருகிறது என்றதும் மாணவர்கள் கூடிப் பல்கலைக்கழக அரங்கத்தில் ஒரு கச்சேரிக்கு ஏற்பாடு செய்தார்கள். எல்லாரும் வந்து ஆளுக்கொரு பாட்டுப் பாடுவது, கடைசியில் ஆசிரியை அந்தத் தாயின் பாட்டைப் பாடுவது என்று திட்டம். அரங்கம் பேசி முடித்த பிறகுதான் ஹேரனின் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. தைராய்டில் பாதியை வெட்டி எடுத்தார்கள். குரல் நரம்பு கத்திக்கு மிகவும் பக்கத்தில் இருந்தது, கொஞ்சம் அடிபட்டிருக்கலாம், நாளாக நாளாகச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார் டாக்டர். கொரியச் சபைப் பெண்கள் தினமும் விடியற்காலையில் கூடி ஹேரனின் தொண்டைக்காக ஜெபித்தார்கள்.

பேச்சு திரும்பியது. பாட்டும் திரும்பியது. அந்த ஒரு சுரம் மட்டும் திரும்பவில்லை. கடைசிப் பக்கத்தின் உச்சியில் குரல் உடைந்து காற்றாகப் போகும். மறுபடி பாடுவாள், மறுபடி உடையும். ஒருநாள் பியானோ மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, "கச்சேரியை ரத்து பண்ணிடு. பின்வரிசையில நின்னுகூட நான் தப்பாப் பாடினது இல்ல" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் கேத்ரினுக்குத் தாங்கியிருக்கும்.

மறுநாள் காலை கேத்ரின் பியானோவில் உட்கார்ந்தாள். திட்டம் போட்டுச் செய்தாள் என்று சொல்ல முடியாது. சளிபிடித்த சபைக்கு முன்னால் கை எப்படித் தானாக இறங்குமோ அப்படி இறங்கியது. எழுதியிருந்த இடத்திலிருந்து அரைச்சுரம் கீழே, பியானோவில் அடுத்த கட்டை, அவ்வளவுதான். ஹேரன் பாடினாள். கடைசிப் பக்கம் வந்தது, குரல் ஏறியது, உடையாமல் போய் நின்றது.

ஹேரன் கூச்சல் போட்டாள். கேத்ரினைக் கட்டிப்பிடித்து ஆட்டினாள். "வந்துருச்சு! கேத்ரின், வந்துருச்சு!" என்று அங்கேயே நின்று ஜெர்மனிக்கும் சிட்னிக்கும் ஃபோன் போட்டாள். பிறந்ததிலிருந்து எந்தச் சுரம் எதுவென்று காதாலேயே சொல்லிவிடும் ஆட்கள் சிலர் உண்டு. ஹேரன் அவர்களில் ஒருத்தி அல்ல. அவள் நம்புவது தொண்டையின் உணர்வை. கத்தி பட்ட பிறகு அந்தத் தொண்டையே அவளுக்குப் புதிய வீடாக இருந்ததால் எந்த அறை எங்கே என்று தெரியவில்லை.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று கேத்ரின் நினைத்தாள். நாளை வந்தது, ஹேரனின் முகத்தைப் பார்த்தாள், சொல்லவில்லை. தொண்டை ஆற ஆற ஒருநாள் மெல்லப் பழைய இடத்துக்கே ஏற்றிவிடலாம், அதற்குள் கச்சேரி வந்தால் அங்கேயும் இறக்கியே வாசித்துவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். நல்ல எண்ணத்தோடு செய்வதால் அது பொய்க்கணக்கில் வராது என்று அவள் நம்பினாள். கிள்ளானில் வந்ததில்லையே!

வெடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கேத்ரின் தமிழ் ஆராதனைக்காகக் கேசரித் தட்டோடு சீக்கிரமே வந்து காரை நிறுத்தினாள். உள்ளே கொரியர்களின் மதியச் சாப்பாடு முடிந்து கைதட்டல் கேட்டது. பியானோவில் அந்தத் தாயின் பாட்டு தொடங்கியது. வாசிப்பது கொரியச் சபைப் பையன், பேப்பரைப் பார்த்து, எழுதியிருந்தது எழுதியிருந்தபடி. அவன் ஏன் இறக்கப் போகிறான்? ஜெபித்த பெண்கள் கேட்டிருக்கிறார்கள்: கர்த்தர் திருப்பிக் கொடுத்த அந்தச் சுரத்தை எங்களுக்கும் ஒருதரம் பாடிக் காட்டு. ஹேரனும் சந்தோஷமாக எழுந்து நின்றிருக்கிறாள்.

கேத்ரின் தட்டோடு ஓடினாள். கதவை எட்டும்போது குரல் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஏறி, நூறு பேர் முன்னால், உடைந்தது.

பிறகு பாவம் என்று அவசர அவசரமாகக் கைதட்டினார்கள். உடைந்ததைவிட அந்தக் கைதட்டல்தான் கொடுமை. ஹேரன் பியானோ பக்கம் திரும்பினாள். பாட்டின் முதல் கட்டையை ஒரு விரலால் அழுத்தி, வாயை மூடி முனகிப் பார்த்தாள். அதற்கு அடுத்த கீழ்க் கட்டையை அழுத்தி மறுபடி முனகினாள். இரண்டாவதில் அவள் தொண்டைக்குப் பழகிய இடம் தெரிந்துவிட்டது. நிமிர்ந்தபோது வாசலில் கேசரித் தட்டோடு கேத்ரின் நின்றாள்.

சமையலறையில் வைத்துத்தான் பேசினார்கள். இருபது வருடத்துக்கு முன்னால் நுரை சொட்டிய அதே இடம்.

"எத்தனை நாளா?"

"முதல் நாளிலேர்ந்தே, அக்கா."

"நீ சர்ச்ல வாசிக்கிறப்போ ஜனங்களுக்குச் சொல்ல மாட்டே. சரி. நான் உன் ஜனங்களா?"

"அக்கா, உங்களுக்கு நம்பிக்கை வரணும்னுதான்..."

ஹேரன் சத்தம் போடவில்லை. "இந்த நாட்டுல என்னை இறக்கினவங்க எத்தனையோ பேரு, கேத்ரின். பின்வரிசைக்கு இறக்கினாங்க. கிமோனோவுக்கு இறக்கினாங்க. அத்தனை பேரும் என் முகத்துக்கு நேரா சொல்லிட்டுத்தான் இறக்கினாங்க. சொல்லாம இறக்கினவ நீ ஒருத்திதான்."

அன்றைக்குத் தமிழ் ஆராதனையில் கேத்ரின் ஒரு பாட்டைக்கூட இறக்கவில்லை. ஜனங்கள் தொண்டை கிழியக் கத்திவிட்டுப் போனார்கள்.

வீட்டில் சிவலிங்கத்துக்கு விஷயம் பிடிபடவே இல்லை. "என்னா கேத்ரின், இதுக்குப் போயா சண்டை? நம்ம கர்நாடகப் பாட்டுக்காரங்க அவங்கவங்க தொண்டைக்கு எந்தக் கட்டை ஒத்துவருதோ அதுல பாடுறாங்க. வயசானா இன்னும் கொஞ்சம் இறக்கிக்கிறாங்க. யாராவது கேவலம்னு சொல்றாங்களா? போ லா!" என்றார், மலேசியப் பேச்சு மாறாமல்.

"அவங்க தம்புராவைச் சபை முழுக்கக் கேக்க வெச்சிட்டுப் பாடுறாங்க. நான் ஒளிச்சு வெச்சேன்" என்றாள் கேத்ரின். சொன்ன பிறகுதான் அவளுக்கே புரிந்தது.

கச்சேரியை ரத்து செய்யச் சொல்லி ஹேரன் யுவனேஷுக்குச் செய்தி அனுப்பினாள். டிக்கெட் எல்லாம் விற்றாகிவிட்டது, யோசியுங்கள் என்று அவன் பதில் போட்டான். ஆனால் பாடங்கள் நிற்கவில்லை. வகுப்பை விட்டால் அது ஹேரன் அல்ல. கேத்ரினும் வழக்கம்போல் வந்து வாசித்தாள். "மூன்றாவது வரி", "மறுபடி", "மெதுவா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை அவளுக்குக் கிடைக்கவில்லை. டீ வந்தது, ஆனால் ஹேரன் அதைக் கையில் கொடுக்கவில்லை, மேசையில் வைத்தாள். கேத்ரின் அதையும் குடித்தாள்.

அந்த வாரம் சிவாஜினிக்குப் பாடம். சிவாஜினி யாழ்ப்பாணத்துப் பெண், முதியோர் இல்லத்தில் நர்ஸ், முப்பது தாண்டியவள். கருப்பட்டி மாதிரிக் கனமான, தாழ்ந்த குரல் அவளுக்கு. ஆனால் ஆசை முழுக்க உச்சியில். கச்சேரியில் மாணவர்கள் பாடும் பகுதியில் சொப்ரானோப் பாட்டு ஒன்றைத்தான் பாடுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கழுத்து நரம்பு புடைக்கப் பாடினாள். ஹேரன் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"இது உன் இடம் இல்ல. கேத்ரின் உனக்கு இறக்கிக் கொடுப்பா. அதுல பாடு."

சிவாஜினி பியானோ பக்கம் திரும்பி அவசரமாகத் தமிழில் கெஞ்சினாள். "அன்ரி, நீங்கள் சொல்லுங்கோவன். பாட்டு இந்தச் சுருதியிலதானே எழுதியிருக்கு? இறக்கிப் பாடினா ஆக்கள் என்ன நினைப்பினம்? ஏலாதவள் எண்டுதானே சொல்லுவினம்?"

"என்ன சொல்றா?" என்று ஹேரன் கேட்டாள். கேள்வி யாரைப் பார்த்து என்று தெரியாதபடிக் கேட்டாள்.

கேத்ரின் ஒன்றும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள்.

ஹேரனுக்குக் கோபம் வந்தது. மாணவர்கள் பயப்படும் அந்தக் கோபம். "உன் குரல் எங்க குடியிருக்கோ அங்க பாடணும். அதுல ஒரு கேவலமும் இல்ல. அதை மறைக்கிறதுதான் கேவலம். ஜனங்க என்ன நினைப்பாங்கன்னு மேடைக்குப் பயப்படுறவ என் வகுப்புக்கு..."

நின்றுவிட்டாள். வாய் திறந்தபடி இருந்தது. கேத்ரின் கட்டைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தாள், தலையைத் தூக்கத் தைரியம் வரவில்லை. தூக்கியபோது ஹேரன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அன்ரி, நான் ஏதும் பிழையாச் சொல்லிப்போட்டனோ?" என்றாள் சிவாஜினி.

"இல்லம்மா. நீ சரியாத்தான் கேட்டே" என்றாள் கேத்ரின். சிவாஜினி இறக்கிய சுருதியில் பாடினாள். முதல் வரியிலேயே காரேஜ் முழுவதும் நிறைந்தது. தன் குரலா இது என்று அவளே ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

அவள் போன பிறகு ஹேரன் கதவைச் சாத்திவிட்டு வந்து பியானோ பக்கத்தில் நின்றாள்.

"இறக்கு."

"எதை, அக்கா?"

"தெரியாத மாதிரிக் கேக்காதே. என் பாட்டை."

கேத்ரினுக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டை தெரியவில்லை, ஆனால் அவள் கைக்குக் கண் தேவையில்லை. ஹேரன் பாடினாள். இந்த முறை தெரிந்தே பாடினாள். முடித்ததும், "இதை மேடையிலயே சொல்லிட்டுத்தான் பாடுவேன்" என்றாள்.

"ஐயோ, வேணாம் அக்கா! யாருக்கும் தெரியாது."

"யாருக்கும் தெரியாதுங்கிறதுதான் உன் வியாதி."

கேத்ரின் பயந்ததில் நியாயம் இருந்தது. ஆப்பராப் பாட்டை எழுதிய இடத்திலிருந்து இறக்கிப் பாடுவதை அந்த உலகத்தில் யாரும் வெளியே சொல்வதில்லை. குரல் போய்விட்டது, கதை முடிந்தது என்று அர்த்தம் பண்ணிவிடுவார்கள். வாழ்நாள் முழுவதும் கட்டிய பெயர், அதுவும் சொந்த மாணவர்கள் முன்னால்.

கச்சேரி ஞாயிறு மதியம். அரங்கம் நிறைந்திருந்தது. அன்றைக்கு உடைந்ததைக் கேட்ட கொரியச் சபைப் பெண்கள் முன்வரிசையைப் பிடித்துக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சிவலிங்கம் மூன்றாவது வரிசையில் கோட்டுப் போட்டு வியர்த்துக்கொண்டிருந்தார். ஜிவொன் பாடினாள், யுவனேஷ் பாடினான். சிவாஜினி தன் சொந்த இடத்தில் நின்று பாடி எல்லாரையும் நிமிர வைத்தாள்.

கடைசியில் ஹேரன் வந்தாள். பச்சையும் வெள்ளையுமாகக் கொரிய உடை. பாவாடை தரையைத் தொட, நீள நீளமாக அடி வைத்து மேடை நடுவுக்கு நடந்து வந்தாள். பியானோவில் கேத்ரின் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

"நான் இந்தப் பாட்டோடுதான் இந்த நாட்டுக்குள் வந்தேன்" என்றாள் ஹேரன். மைக் இல்லை, தேவையும் இல்லை. "இன்றைக்கு இதை அரைச்சுரம் கீழே பாடப் போகிறேன். போன வருடம் ஒரு கத்தி என் தொண்டையைத் தொட்டது. இப்போது என் குரல் குடியிருப்பது அங்கேதான். இதை எனக்கு முன்னாலேயே கண்டுபிடித்தவள் இதோ இருக்கிறாள், என் பியானோக்காரி கேத்ரின். அவளுக்கு வெளியே சொல்லப் பயம். எனக்குப் பயம் இல்லை."

முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். ஹேரன் திரும்பித் தலையை அசைத்தாள்.

கேத்ரின் வாசித்தாள். இருபது வருடத்தில் முதல் தடவையாகச் சுருதியை எல்லார் காதும் கேட்க இறக்கி வாசித்தாள். ஹேரன் பாடினாள். குரல் பழைய குரல் அல்ல. அடியில் கொஞ்சம் கரகரப்பு, ஓரத்தில் தழும்பு. ஆனால் கப்பலேறிப் போன மகளுக்காக ஒரு தாய் கரையில் நிற்பது அந்தத் தழும்போடு கேட்கும்போதுதான் கேத்ரினுக்கு முதல்முறையாக முழுசாகப் புரிந்தது. கடைசிப் பக்கம் வந்தது. குரல் ஏறியது, படிப்படியாக, அவசரப்படாமல் ஏறி உச்சியில் போய் நின்றது. நின்று, விரிந்தது. கேத்ரின் பியானோவின் மிதிகட்டையைக் காலால் அழுத்தியபடி அந்தச் சுரத்துக்குக் கீழே நாற்காலி போட்டுத் தாங்குவது போலக் கைகளை வைத்துக்கொண்டு இருந்தாள். அவ்வளவு நீளம் ஹேரன் சின்ன வயதில்கூடப் பிடித்ததில்லை.

எல்லாரும் எழுந்துவிட்டார்கள். முன்வரிசைப் பெண்களுடைய கைப்பைகள் தரையில் உருண்டன. சிவலிங்கம் விசிலடித்துவிட்டு, சுற்றிலும் பார்த்து, இன்னொரு தடவையும் அடித்தார். ஹேரன் குனிந்து வணங்கினாள். வழக்கமாக இடது கையைப் பியானோ பக்கம் நீட்டுவாள், கேத்ரின் பாதி எழுந்து உட்கார்ந்துவிடுவாள். அன்றைக்கு நடந்து வந்து கையைப் பிடித்து இழுத்து மேடையின் முன்னுக்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். கேத்ரினுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பெருமையாக இருந்தது, வேறு ஒன்றும் இல்லை, வெறும் பெருமை.

வேடிக்கை நடந்தது மேடைக்குப் பின்னால். பூங்கொத்தோடு முதலில் வந்தவன் யுவனேஷ். ஜெர்மனியில் பெயர்பெற்ற டெனர், தொண்டையைக் கனைத்தான், காலைப் பார்த்தான்.

"டீச்சர், ஒண்ணு சொல்லணும். எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்த அந்தப் பாட்டை நான் ஆறு வருஷமா அரைச்சுரம் இறக்கித்தான் பாடுறேன். யார்கிட்டயும் சொன்னது இல்ல."

ஹேரன் பேசும்முன் பின்னாலிருந்து ஜிவொன் கையைத் தூக்கினாள். போன சீசனில் அவளும்தான், முழுச்சுரம். அவளுக்குப் பின்னால் நின்ற இன்னொருத்தி அழவே தொடங்கிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் வரிசை கட்டிவிட்டது, பாவசங்கீர்த்தனத்துக்கு நிற்பது போல. எந்த ஊரில், எந்த மேடையில், எவ்வளவு இறக்கினோம் என்று ஆளாளுக்கு ஒப்பித்தார்கள். உலகம் முழுக்கக் கைதட்டு வாங்கியவர்கள்! கேத்ரின் சுவரில் சாய்ந்துகொண்டு வாயைப் பொத்திச் சிரித்தாள்.

ஹேரன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு பிடித்தாளே ஒரு பிடி! "எனக்கு அறுபது வயசு, தொண்டையில தையல். உனக்கு என்ன வந்துச்சு? முப்பத்திரண்டு வயசுல சோம்பேறித்தனம்! இறக்கினதுக்குத் திட்டல, மறைச்சதுக்குத் திட்டுறேன். நீ, யுவனேஷ், ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு பாடம். ஜிவொன், உனக்கு ரெண்டு." பெரிய பெரிய பாடகர்கள் சின்னப் பிள்ளைகள் போலத் தலையாட்டினார்கள்.

கூட்டம் கலைந்து, கார் நிறுத்துமிடத்தில் வெயில் சாய்ந்திருந்தது. சிவலிங்கம் பூங்கொத்துகளைப் பின்சீட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஹேரன் பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி கேத்ரினிடம் வந்தாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு வா."

"நாளைக்கா? ஒருநாள் ஓய்வெடுங்க அக்கா. அதான் கச்சேரி முடிஞ்சிருச்சே. எந்தப் பாட்டுக்கு?"

"இதே பாட்டுக்குத்தான். எழுதியிருக்கிற இடத்துலேர்ந்து ஆரம்பிக்கிறோம்."

"அக்கா, ஏறலேன்னா..."

"ஏறலேன்னா நான் வாயைத் திறந்து சொல்வேன்" என்றாள் ஹேரன். "நான் சொன்னா மட்டும் இறக்கு."

சொல்லிவிட்டுத் தன் காருக்கு நடந்தாள், நீள நீளமாக அடி எடுத்து வைத்து. சிவலிங்கம் பின்சீட்டுக் கதவைச் சாத்திவிட்டு, என்ன சொன்னாங்க என்று கேட்டார். கேத்ரினுக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது.

"நாளைக்குப் பத்து மணிக்கு வேலை இருக்கு எனக்கு" என்றாள்.